நரம்பு மண்டலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நரம்பு என்ற சொல்லை நாம் கொஞ்சம் தாராளமாகவே புழங்குகிறோம். ஊசி போடுபவர் கையைத் தட்டிப் பார்த்து "நரம்பு கிடைக்கவில்லை" என்கிறார். கழுத்து பிடித்துக்கொண்டால் "நரம்பு இழுத்துக்கொண்டது" என்கிறோம். கோபத்தில் கத்துபவருக்கு நெற்றி நரம்பு புடைக்கிறது. இந்த மூன்றிலுமே பேசப்படும் பொருள் நரம்பு இல்லை. அதனால் முதல் கேள்வி அதைப் பற்றியே.

கையில் பச்சையாகத் தெரிவது நரம்புதானே?

அது சிரை. ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். ரத்தம் எடுப்பதும் மருந்து ஏற்றுவதும் அதில்தான். நெற்றியில் புடைப்பதும் அதேதான். கழுத்தில் இழுத்துப் பிடிப்பது பெரும்பாலும் தசை. தசையை எலும்போடு கட்டிவைக்கும் வெள்ளை நாருக்குத் தசைநாண் என்று பெயர். குதிகாலுக்கு மேல் தடிமனாகத் தட்டுப்படுவது அது.

நரம்பு என்பது வெளிறிய வெள்ளைக் கயிறு. உள்ளே துவாரம் கிடையாது. ஆயிரக்கணக்கான நுண்ணிய இழைகளைக் கட்டாகக் கட்டி உறை போட்டதுபோல இருக்கும். தொட்டுப் பார்க்க ஆசையா? முழங்கையின் உட்பக்கம் இருக்கும் எலும்பு மேட்டுக்குப் பின்னால் ஒரு பள்ளம் உண்டு. அங்கே இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை சுரீரென்று 'ஷாக்' அடிக்கிறதே, அது அல்நார் நரம்பு. அந்த இடத்தில் தோலுக்கு நேர் கீழே, எலும்பின் மேல், காவலில்லாமல் ஓடுகிறது.

இந்தக் குழப்பம் நம்மோடு நிற்பதில்லை. பழந்தமிழில் யாழின் தந்திக்கும் நரம்பு என்றே பெயர். கிரேக்கத்தில் 'நியூரான்' என்ற சொல்லுக்கும் முதல் பொருள் நாண், நார் என்பதுதான். கி.மு. 300 வாக்கில் அலெக்சாண்ட்ரியாவில் ஹெரோஃபிலஸ் என்ற மருத்துவர் உடல்களை அறுத்துப் பார்த்துத்தான் நரம்பு வேறு, ரத்தக்குழாய் வேறு, தசைநாண் வேறு என்று பிரித்தார்.

நரம்பு மண்டலத்தில் என்னென்ன பகுதிகள் இருக்கின்றன?

மூளையும் தண்டுவடமும் சேர்ந்தது மைய நரம்பு மண்டலம். அதிலிருந்து உடலெங்கும் கிளைத்துப் போவது புற நரம்பு மண்டலம். மூளையிலிருந்து 12 இணை நரம்புகளும் தண்டுவடத்திலிருந்து 31 இணை நரம்புகளும் புறப்படுகின்றன. வேலையை வைத்துப் பிரித்தால், நாம் நினைத்து அசைக்கும் தசைகளுக்குப் போவது ஒரு பிரிவு. இதயம், குடல், வியர்வைச் சுரப்பி என்று நம்மைக் கேட்காமல் ஓடுவதைக் கவனிக்கும் தன்னியக்கப் பிரிவு இன்னொன்று.

பாடப்புத்தகத்தில் இதை ஒரு மரப்படமாகப் போட்டிருப்பார்கள். தேர்வுக்கு அது போதும். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்தால், உச்சியில் மூளை என்ற முதலாளி உட்கார்ந்திருப்பது போலவும் மற்றவர்கள் உத்தரவுக்குக் காத்திருப்பது போலவும் ஓர் எண்ணம் வந்துவிடுகிறது. முழங்கால், குடல், இதயம் இவை பற்றிய கேள்விகளுக்கு வரும்போது அது எவ்வளவு தூரம் சரியில்லை என்று தெரியும்.

நியூரான் என்பது என்ன?

நரம்பு மண்டலத்தின் செல். தமிழில் நரம்பணு, நரம்புசெல் என்றும் எழுதுவார்கள். நடுவில் உடல், அதைச் சுற்றிச் செய்தியை வாங்கும் சிறு கிளைகள், அவற்றுக்கு டென்ட்ரைட் என்று பெயர், செய்தியைக் கொண்டுபோகும் ஒரே நீண்ட இழை, அது ஆக்ஸான். செல்லின் உடலைப் பார்க்க நுண்ணோக்கி வேண்டும். ஆனால் ஆக்ஸான் மிக நீளமாகப் போகலாம். இடுப்புக்கு மேல் தண்டுவடத்தில் இருக்கும் ஒரு நியூரானின் ஆக்ஸான் பாதம் வரை, ஏறத்தாழ ஒரு மீட்டர் போகிறது. ஒரே செல்!

மனித மூளையில் சுமார் 8,600 கோடி நியூரான்கள். முன்பெல்லாம் பத்தாயிரம் கோடி என்று ஒரு முழு எண்ணைச் சொல்லிவந்தார்கள். பிரேசில் ஆய்வாளர் சுசானா ஹெர்குலானோ-ஹூசலின் குழு மூளையைக் கரைசலாக்கி, செல் உட்கருக்களை எண்ணி, 2009-ல் இந்தக் கணக்கைத் தந்தது. நியூரான்களுக்குத் துணையாக இருக்கும் கிளியா செல்கள் பத்து மடங்கு என்று சொல்லிவந்ததும் அப்போது அடிபட்டுப்போனது. ஏறத்தாழ சம அளவில்தான் இருக்கின்றன.

நரம்பு மண்டலம் முழுக்க ஒரே வலைப்பின்னலா, தனித்தனி செல்களா என்று 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெரிய சண்டை நடந்தது. இத்தாலியின் கமில்லோ கோல்ஜி 1873-ல் வெள்ளி உப்பைக் கொண்டு நியூரானைக் கறுப்பாகச் சாயமேற்றும் முறையைக் கண்டுபிடித்தார். அதே முறையைப் பயன்படுத்தி ஸ்பெயினின் சாந்தியாகோ ரமோன் இ கஹால், ஒவ்வொரு நியூரானும் தனிச் செல் என்று காட்டினார். 1906-ல் இருவருக்கும் சேர்த்து நோபல் பரிசு. கோல்ஜி மேடையிலேயே கஹாலின் கருத்தை மறுத்துப் பேசினார். கஹால் சொன்னதுதான் சரி.

நரம்பில் ஓடுவது மின்சாரமா?

மின்சாரம்தான், ஆனால் கம்பியில் ஓடும் வகை இல்லை. கம்பியில் எலக்ட்ரான்கள் நீளவாக்கில் ஓடுகின்றன. இங்கே அயனிகள், அதாவது மின்னூட்டம் பெற்ற அணுக்கள், ஆக்ஸானின் சவ்வைக் குறுக்காகக் கடக்கின்றன. சும்மா இருக்கும்போது ஆக்ஸானின் உட்பக்கம் வெளிப்பக்கத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் குறைவாக இருக்கும். தூண்டல் வந்ததும் சவ்வில் சோடியத்துக்கான வாசல்கள் திறக்கின்றன. சோடியம் உள்ளே பாய்ந்து அந்த இடம் நேர்மின்னூட்டமாக மாறுகிறது. அடுத்த கணம் பொட்டாசியம் வெளியேறிப் பழைய நிலை திரும்பிவிடும். ஓரிரு மில்லிநொடியில் எல்லாம் முடிந்துவிடும். இதற்குள் பக்கத்து இடத்தின் வாசல்கள் திறந்திருக்கும். வரிசையாக நிறுத்திய சீட்டுகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு சரிவது போல, ஆனால் விழுந்த சீட்டுகள் உடனே தாமே எழுந்து நிற்கும்.

இதை அளந்தவர்கள் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும். மனித ஆக்ஸான் மிக மெல்லியது, உள்ளே மின்முனையை நுழைக்க முடியாது. கணவாய் மீனின் ஆக்ஸான் ஒன்று அரை மில்லிமீட்டர் பருமனுக்கும் மேல் இருக்கும். அதில் அளந்து 1952-ல் முழு விளக்கத்தையும் சமன்பாடுகளாக எழுதினார்கள்.

ஒரு சின்ன விஷயம் பலருக்குத் தெரிவதில்லை: இப்படி ஓடும் மின்துடிப்புக்குப் பெரிது சிறிது கிடையாது. லேசாகத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஒவ்வொரு துடிப்பும் ஒரே உயரம்தான். நொடிக்கு எத்தனை துடிப்புகள், எத்தனை இழைகளில் என்பதைக் கொண்டுதான் மூளை வலுவைத் தெரிந்துகொள்கிறது.

செய்தி எவ்வளவு வேகத்தில் போகும்?

இழையைப் பொறுத்தது. தடிமனான, மையலின் உறை போட்ட இழைகளில் நொடிக்கு 120 மீட்டர் வரை. உறையில்லாத மெல்லிய வலி இழைகளில் நொடிக்கு ஒரு மீட்டர் அளவில், அதாவது நாம் நடக்கும் வேகம்!

கால் விரலை நாற்காலிக் காலில் இடித்துக்கொள்ளும்போது இந்த வித்தியாசத்தை நீங்களே பார்க்கலாம். இடித்தது உடனே தெரியும். சுளீரென்று ஒரு கூர்மையான வலி. "ஐயோ, இனிமேல்தான் இருக்கிறது" என்று நினைக்க நேரம் கிடைக்கும். அப்புறம்தான் அந்த ஆழமான, பரவுகிற வலி வந்து சேரும். முதலில் வந்தது வேக இழையில், பின்னால் வந்தது மெது இழையில்.

நரம்பின் வேகத்தை அளக்கவே முடியாது என்று உடலியல் பேராசிரியர் யோஹன்னஸ் முல்லர் கருதினார். அவருடைய மாணவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850-ல் தவளையின் கால் நரம்பில் அளந்தார். நொடிக்குச் சுமார் 30 மீட்டர்.

மையலின் உறை எதற்கு?

மையலின் கொழுப்பு நிறைந்த உறை. கிளியா செல்கள் ஆக்ஸானைச் சுற்றிப் பல அடுக்காகச் சுருண்டு உண்டாவது. தொடர்ச்சியாக இருக்காது, சிறு சிறு இடைவெளி விட்டு இருக்கும். துடிப்பு ஓர் இடைவெளியிலிருந்து அடுத்த இடைவெளிக்குத் தாவிப் போவதால்தான் அத்தனை வேகம். மூளையின் உட்பகுதி வெள்ளையாகத் தெரிவதும் இந்தக் கொழுப்பால்தான். மல்டிபிள் ஸ்களீரோசிஸ் என்ற நோயில் உடலின் எதிர்ப்பு சக்தியே மைய மண்டலத்து மையலினைத் தாக்கிச் சிதைக்கிறது. பார்வை, நடை, உணர்வு எது பாதிக்கப்படும் என்பது எந்த இடத்து உறை போனது என்பதைப் பொறுத்தது.

ஒரு நியூரானிலிருந்து அடுத்ததற்குச் செய்தி எப்படித் தாண்டுகிறது?

பெரும்பாலும் ரசாயனமாக. இரண்டுக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் சில பங்கே உள்ள இடைவெளி, சினாப்ஸ். துடிப்பு ஆக்ஸானின் நுனிக்கு வந்ததும் அங்கே சிறு பைகளில் இருக்கும் ரசாயனம் இடைவெளியில் கொட்டப்படும். எதிர்க்கரையில் இருக்கும் ஏற்பிகள் அதைப் பிடித்துக்கொள்ளும்.

இதைக் காட்டிய கதை எனக்கு மிகவும் பிடித்தது. ஒட்டோ லோவி என்ற ஆய்வாளருக்குக் கனவில் ஒரு சோதனை தோன்றியது. எழுந்து குறித்துவைத்தார். காலையில் தன் கையெழுத்து தனக்கே புரியவில்லை. மறுநாள் இரவும் அதே கனவு. இந்த முறை காத்திருக்காமல் விடியுமுன்னே ஆய்வகத்துக்கு ஓடினார். அவரே சொன்ன கதை இது. துடித்துக்கொண்டிருந்த ஒரு தவளை இதயத்துக்கு மூளையிலிருந்து வரும் வேகஸ் நரம்பைத் தூண்டி, துடிப்பை மெதுவாக்கினார். அந்த இதயம் மிதந்த திரவத்தை எடுத்து, நரம்பே இல்லாத இன்னோர் இதயத்தின் மேல் விட்டார். அதுவும் மெதுவாகியது. நரம்பு ஏதோ ஒரு பொருளைச் சுரந்திருக்கிறது என்று உறுதியாயிற்று. அந்தப் பொருள் அசிடைல்கோலின். மனநோய் மருந்துகள், மயக்க மருந்துகள், பூச்சிக்கொல்லிகள், பாம்பின் நஞ்சு என்று நரம்பைப் பாதிக்கும் பல பொருள்கள் கைவைக்கும் இடம் இந்தச் சினாப்ஸ்தான்.

பெருமூளையின் எந்தப் பகுதி எந்த வேலையைச் செய்கிறது?

மூளையின் எடை சுமார் 1.3 முதல் 1.4 கிலோ. உடல் எடையில் 2 சதவீதம்தான், ஆனால் ஓய்வில் உடல் செலவிடும் ஆற்றலில் 20 சதவீதத்தை அதுவே விழுங்கிவிடுகிறது. இதில் பெரும்பங்கு பெருமூளை. அதன் மேலடுக்கான புறணி மடிப்பு மடிப்பாக இருப்பது, பெரிய பரப்பைச் சிறிய மண்டையோட்டுக்குள் அடக்குவதற்காக.

முன்மடல் திட்டமிடவும் அடக்கிக்கொள்ளவும் அசைவைத் தொடங்கவும், உச்சிமடல் தொடுவுணர்வுக்கு, பொட்டுமடல் கேட்பதற்கும் நினைவுக்கும், பின்மடல் பார்வைக்கு. பின்னந்தலையில் அடிபட்டால் கண்ணில் நட்சத்திரம் பறப்பது பின்மடல் அதிர்வதால்தான்.

இந்த வரைபடத்தில் பெரும்பகுதி விபத்துகளும் நோய்களும் கற்றுக்கொடுத்தது. 1848 செப்டம்பர் 13 அன்று அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ரயில் பாதைக்குப் பாறை வெடிக்கும் வேலையில் இருந்த ஃபினியஸ் கேஜின் இடது கன்னத்தில் நுழைந்த இரும்புக் கம்பி உச்சந்தலை வழியாக வெளியேறியது. ஒரு மீட்டருக்கும் மேல் நீளம், சுமார் 6 கிலோ எடை. அவர் பிழைத்தார், நடந்தார், பேசினார். ஆனால் பொறுமையும் நிதானமும் போய்விட்டன, வேறு ஆளாகிவிட்டார் என்று மருத்துவர் எழுதிவைத்தார். இந்தக் கதையைச் சொல்பவர்கள் வழக்கமாக இங்கே நிறுத்திவிடுவார்கள். கேஜ் பிறகு சிலி நாட்டுக்குப் போய்ப் பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மூளை ஓரளவு ஈடுகட்டிக்கொள்ளும்.

1861-ல் பாரிஸில் மருத்துவர் பால் புரோக்கா பார்த்த ஒரு நோயாளிக்கு மற்றவர் பேசுவது புரிந்தது. அவர் வாயிலிருந்து வந்ததோ 'டான்' என்ற ஒரே ஒலி. இறந்தபின் பார்த்தால் இடது முன்மடலில் சேதம். 1874-ல் கார்ல் வெர்னிக்கே இதற்கு நேர்மாறானவர்களை விவரித்தார்: சரளமாகப் பேசுவார்கள், பேச்சில் பொருள் இருக்காது. சேதம் இடது பொட்டுமடலின் பின்பகுதியில். பேச்சு என்று நாம் ஒற்றைச் சொல்லால் குறிப்பதை மூளை துண்டு துண்டாக வைத்திருக்கிறது.

நினைவு எங்கே சேமிக்கப்படுகிறது?

ஒரே இடத்தில் இல்லை. புதிய நினைவைப் பதியவைக்க, பொட்டுமடலின் உட்பக்கம் இருக்கும் ஹிப்போகாம்பஸ் வேண்டும் என்பது ஹென்றி மொலைசன் என்பவரால் தெரிந்தது. கடுமையான வலிப்புக்காக 1953-ல், அவருடைய 27-ஆம் வயதில், இரு பக்க ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியை அகற்றினார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அதன்பின் சந்தித்தவர்கள், சாப்பிட்ட சாப்பாடு எதுவும் மனதில் நிற்கவில்லை. சிறுவயது நினைவுகள் இருந்தன. உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவருக்குக் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சி கொடுத்தார். ஒவ்வொரு நாளும் மொலைசன் "இதற்குமுன் நான் செய்ததே இல்லை" என்றே தொடங்கினார். கை மட்டும் நாளுக்கு நாள் தேறிக்கொண்டே வந்தது. கைப்பழக்கம் வேறு வழியில், சிறுமூளையிலும் மூளையின் ஆழத்தில் உள்ள அடித்தள நரம்புத் திரள்களிலும் படிகிறது.

தாலமஸ், ஹைப்போதாலமஸ்: பெயர்தான் ஒரே மாதிரி இருக்கிறது, வேலை?

மூளையின் நடுவில் இருக்கும் தாலமஸ் வழியாகத்தான் எல்லாப் புலன் செய்திகளும் புறணிக்குப் போகின்றன. வாசனை மட்டும் முதலில் வேறு வழியில் உள்ளே நுழைந்துவிடும். அதற்குக் கீழே ஒரு பாதாம் பருப்பு அளவில் இருப்பது ஹைப்போதாலமஸ். உடல் வெப்பம், தாகம், பசி, தூக்கத்தின் நேரம், பிட்யூட்டரி சுரப்பி வழியாக ஹார்மோன்கள் எல்லாம் அதன் பொறுப்பு. காய்ச்சல் வருவது உடம்பின் கட்டுப்பாடு கெட்டுப்போவதால் இல்லை. ஹைப்போதாலமஸ் வெப்பத்தின் இலக்கை உயர்த்திவைப்பதால். புது இலக்கை எட்டும்வரை உடம்பு தன்னைக் குளிர்ச்சியாக உணர்கிறது. அதனால்தான் 102 டிகிரி இருக்கும்போதும் போர்வை கேட்கிறோம்.

சிறுமூளை சிறியதா?

எடையில் மூளையின் பத்தில் ஒரு பங்கு. நியூரான் எண்ணிக்கையில் 6,900 கோடி, அதாவது மொத்தத்தில் ஐந்தில் நான்கு பங்கு! அசைவைத் தொடங்குவது இதன் வேலை இல்லை. அளவாக, நேரத்தோடு, நெளிவில்லாமல் நடக்கச் செய்வது. மது அருந்தியவர் தள்ளாடுவதும் நாக்குக் குழறுவதும் சிறுமூளை தடுமாறுவதால்.

நம்மை நாமே கிச்சுகிச்சு மூட்ட முடியாததற்கும் சிறுமூளைக்குத் தொடர்பு உண்டு. கை எங்கே படப்போகிறது என்பதை முன்கூட்டியே கணித்து, அந்த உணர்வை மட்டுப்படுத்திவிடுகிறது.

மூளையில் 10 சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறோமாமே?

கட்டுக்கதை. மீதி 90 சதவீதத்தில் எங்கே அடைப்பு வந்தாலும் ஒன்றும் ஆகாது என்றால் பக்கவாதம் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லையே.

இடது மூளைக்காரர், வலது மூளைக்காரர் என்று உண்டா?

ஆட்களை அப்படிப் பிரிக்க முடியாது. பெரும்பாலானவர்களுக்கு மொழியின் முக்கிய வேலைகள் இடப்பக்கம் நடக்கின்றன என்பது உண்மை. இடது மூளை உடலின் வலப்பக்கத்தை அசைக்கிறது என்பதும் உண்மை. தசைகளை இயக்கும் இழைகளில் பெரும்பாலானவை, மூளை தண்டுவடத்தோடு சேரும் அடிப்பகுதியான முகுளத்தில் பக்கம் மாறுகின்றன. ஆனால் இரு பக்கத்தையும் இணைக்கும் கார்பஸ் கலோசத்தில் சுமார் 20 கோடி இழைகள் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கின்றன. கணக்கு ஒரு பக்கம், கவிதை ஒரு பக்கம் என்று பாகப்பிரிவினை ஏதும் நடக்கவில்லை.

தண்டுவடமும் முதுகெலும்பும் ஒன்றா?

முதுகெலும்பு கூடு, தண்டுவடம் அதற்குள் ஓடும் நரம்புத் திசு. நம் சுண்டுவிரல் பருமன், சுமார் 45 சென்டிமீட்டர் நீளம். முதுகெலும்பு முழுவதுக்கும் அது எட்டாது. குழந்தை வளரும்போது எலும்பு வேகமாக நீண்டுவிடுவதால், வளர்ந்தவர்களுக்குத் தண்டுவடம் முதல் அல்லது இரண்டாம் இடுப்பு முள்ளெலும்போடு முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்புகள் மட்டும் கற்றையாகத் தொங்கும். அதற்கு 'குதிரை வால்' என்றே பெயர்.

இது தெரிந்தால் ஒரு பயம் குறையும். அறுவை சிகிச்சைக்கு முதுகில் போடும் ஊசியை இந்த முடிவுக்குக் கீழேதான் போடுவார்கள். அங்கே குத்துப்படத் தண்டுவடம் இல்லை. திரவத்தில் மிதக்கும் நரம்புகள் ஊசிக்கு விலகிக்கொடுக்கும்.

தண்டுவடத்துக்குள் உணர்வு பின்பக்க வேர் வழியாக வருகிறது. கட்டளை முன்பக்க வேர் வழியாகப் போகிறது. காயம் எவ்வளவு மேலே படுகிறதோ அவ்வளவு பாதிப்பு. இடுப்பு அளவில் என்றால் கால்கள். கழுத்தில் என்றால் கைகளும். மூச்சுக்கான உதரவிதானத்தின் நரம்பு கழுத்தின் 3, 4, 5-ஆம் கட்டங்களிலிருந்து கிளம்புகிறது. விபத்தில் கழுத்தில் அடிபட்டவரை அவசரப்பட்டுத் தூக்காதீர்கள் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

சூடுபட்டதும் கை தானாக விலகுகிறது. அப்போது மூளை என்ன செய்கிறது?

தாமதமாகத் தெரிந்துகொள்கிறது. சூடு என்ற செய்தி தண்டுவடத்துக்கு வந்ததுமே, அங்கேயே உள்ள நியூரான்கள் கையை மடக்கும் தசைகளை இழுக்கச் சொல்லி, நீட்டும் தசைகளைத் தளரச் சொல்லிவிடும். வலி என்ற அனுபவம் மூளையில் உருவாவதற்குள் கை விலகத் தொடங்கியிருக்கும். இது அனிச்சைச் செயல்.

முழங்கால் சில்லுக்குக் கீழே மருத்துவர் சிறு சுத்தியால் தட்டுவது இன்னும் எளிய சுற்று. தட்டியதும் தொடைத் தசை இழுபடுகிறது. அந்த இழுப்பை உணரும் நியூரான், தசையை இயக்கும் நியூரானை நேராகத் தொடுகிறது, நடுவில் யாருமில்லை. ஒரே சினாப்ஸ், சுமார் 50 மில்லிநொடியில் கால் எகிறும். கால் எகிறாவிட்டால் சுற்றில் எங்கோ பழுது. அளவுக்கு மீறி எகிறினாலும் கவனிக்க வேண்டும்: மேலிருந்து மூளை தரும் கட்டுப்பாடு வந்து சேரவில்லை என்று பொருள். மூளை இங்கே கட்டளை தருவதைவிட அடக்கிவைக்கும் வேலையைத்தான் அதிகம் செய்கிறது.

தன்னியக்க நரம்பு மண்டலம் என்ன செய்கிறது?

இரண்டு அணி. பரிவு நரம்புகள் ஆபத்து நேரத்துக்கு: இதயம் வேகமாகும், கண்மணி விரியும், செரிமானம் நிற்கும், வியர்க்கும், மயிர்க்கூச்செறியும். எதிர்ப்பரிவு நரம்புகள் ஓய்வுக்கும் செரிமானத்துக்கும். பெரும்பாலான உறுப்புகளுக்கு இரண்டு அணியும் நரம்பு அனுப்புகின்றன. வியர்வைச் சுரப்பிகளுக்குப் பரிவு மட்டுமே.

இதயம் தன் துடிப்பைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். விட்டால் நிமிடத்துக்கு 100 அளவில் துடிக்கும். வேகஸ் நரம்பு எந்நேரமும் கடிவாளம் பிடிப்பதால்தான் நமக்கு 70 அளவில் இருக்கிறது. மாற்று இதயம் பொருத்தியவர்களுக்கு அந்த நரம்பு அறுபட்டிருக்கும். ஓய்வில்கூட நாடி வேகமாகத்தான் ஓடும்.

மூச்சு மட்டும் இரண்டுங்கெட்டான். முகுளம் தானாக ஓட்டும். நாம் நினைத்தால் பிடித்துவைக்கவும் முடியும், கரியமில வாயு ஏறும்வரை.

வயிற்றில் இரண்டாவது மூளை இருப்பதாகச் சொல்கிறார்களே?

மூளை என்பது கொஞ்சம் மிகை. அது சிந்திக்காது. ஆனால் குடல் சுவரில் 10 முதல் 50 கோடி நியூரான்கள் வரை இரண்டு வலைகளாகப் பரவியிருப்பது நிஜம். 1899-ல் ஆங்கிலேய உடலியலாளர்கள் பேலிஸ், ஸ்டார்லிங் இருவரும் நாயின் குடலுக்குப் போகும் வெளி நரம்புகளை அறுத்துவிட்டுப் பார்த்தார்கள். அப்போதும் குடல் உணவுக்குப் பின்னால் சுருங்கி, முன்னால் தளர்ந்து, தள்ளிக்கொண்டே இருந்தது. வேகஸ் நரம்பு மூளைக்கும் குடலுக்கும் நடுவில் செய்தி கொண்டுபோகிறது. அதில் பெரும்பாலான இழைகள் குடலிலிருந்து மேலே போகிறவை, மேலிருந்து கீழே வருபவை குறைவு. தேர்வுக்கு முன் வயிற்றைக் கலக்குவதும், வயிறு சரியில்லாத நாளில் மனம் சரியில்லாமல் போவதும் வெறும் பேச்சு இல்லை.

கால் மரத்துப்போவது ஏன்?

காலை மடித்து உட்காரும்போது நரம்பும் அதற்கு ரத்தம் தரும் நுண்குழாய்களும் அழுந்துகின்றன, துடிப்புகள் நிற்கின்றன. எழுந்ததும் இழைகள் ஒழுங்கில்லாமல் தாமாகவே துடிப்புகளை அனுப்பத் தொடங்கும். எறும்பு ஊர்வது போலவும் ஊசி குத்துவது போலவும் இருப்பது அந்தக் குழப்பம். சில நிமிடத்தில் சரியாகிவிடும். காரணமில்லாமல் அடிக்கடி வந்தாலும், இரு பாதங்களிலும் நிரந்தரமாகத் தங்கிவிட்டாலும் மருத்துவரிடம் போங்கள். சர்க்கரை நோயில் முதலில் அடிவாங்குவது உடலின் மிக நீண்ட இழைகள், அதனால் பாதத்தில்தான் தொடங்கும். வைட்டமின் பி12 குறைவும் இதே மாதிரி காட்டும்.

அறுந்த நரம்பு மறுபடி வளருமா?

கை கால் நரம்பு வளரும், உறை சரியாக ஒட்டியிருந்தால். நாளுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர். மேற்கையில் அறுந்தது விரல்வரை போய்ச்சேர ஒரு வருடத்துக்கு மேலாகலாம். அதற்குள் தசை மெலிந்துவிடும் என்பதால் விரைவில் தைப்பது முக்கியம். மூளையிலும் தண்டுவடத்திலும் அறுந்தவை அப்படி வளர்வதில்லை. அங்கே உள்ள மையலினும் காயத்தழும்பும் வளர்ச்சியைத் தடுக்கின்றன.

வெட்டி எடுத்த கை வலிப்பதாகச் சொல்வது கற்பனையா?

வலி உண்மை. கை போனாலும் மூளையில் கைக்கான இடம் அப்படியே இருக்கிறது. விரல் இறுக்கி மூடியிருப்பதாக உணர்வார்கள், திறக்க முடியாது. 1990-களில் நரம்பியல் ஆய்வாளர் வி. எஸ். ராமச்சந்திரன் ஒரு பெட்டியில் கண்ணாடியை நிறுத்தி, இருக்கும் கையின் பிம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரியும்படி செய்தார். இருக்கும் கையைத் திறந்தால் 'அந்தக்' கையும் திறப்பது தெரியும். சிலருக்கு வலி விட்டது.

மூளைக்கு வலிக்காது என்றால் தலைவலி எப்படி வருகிறது?

மூளைத் திசுவில் வலி உணரும் முனைகள் இல்லை. நோயாளி விழித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே மூளையில் அறுவை செய்ய முடிவது அதனால்தான். மூளை உறைகள், ரத்தக்குழாய்கள், தலையோட்டின் மேலுள்ள தசைகள் ஆகியவற்றுக்கு வலிக்கும். தலைவலி அங்கிருந்து வருகிறது.

பக்கவாதம் நரம்பு நோயா, ரத்தக்குழாய் நோயா?

தொடங்குவது ரத்தக்குழாயில், சாவது நியூரான்கள். வாய் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தூக்கியதும் தானாக இறங்கினாலோ, பேச்சு குழறினாலோ உடனே மருத்துவமனை. அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக அறிகுறி தொடங்கிய நான்கரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். எப்போது தொடங்கியது என்று மருத்துவர் கேட்பார், கடிகாரத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். "தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்" என்று படுக்கவைப்பதுதான் மோசமான தவறு.

நரம்புத் தளர்ச்சி என்பது எந்த நோய்?

அப்படி ஒரு தனி நோய் இல்லை. 1869-ல் அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் பியர்ட் 'நியூரஸ்தீனியா' என்ற பெயரைப் பரப்பினார். நரம்பின் சக்தி தீர்ந்துவிட்டது என்பது அவர் கணக்கு. மருத்துவம் அதைக் கைவிட்டுவிட்டது, விளம்பரங்கள் விடவில்லை. கை நடுக்கம், சோர்வு, படபடப்பு என்று இதில் போட்டு மூடும் ஒவ்வொன்றுக்கும் தனிக் காரணம் இருக்கும்: தைராய்டு, பார்கின்சன், மனப்பதற்றம், ரத்தசோகை. டானிக் வாங்குவதற்குமுன் எது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

நெட்டி முறித்தால் நரம்பு கெட்டுவிடுமா?

கெடாது. விரல் மூட்டை இழுக்கும்போது உள்ளே இருக்கும் வழவழப்பான திரவத்தில் அழுத்தம் சட்டென்று குறைந்து வாயுக் குமிழி உண்டாகிறது. அந்தச் சத்தம்தான் கேட்கிறது. அதே விரலை உடனே மறுபடி முறிக்க முடியாது, பார்த்திருப்பீர்கள். வாயு திரவத்தில் கரையச் சுமார் 20 நிமிடம் பிடிக்கும்.